முதலில் உங்கள் பல்லைக் காட்டுங்கள், அண்ணாச்சி

செங்கோட்டையிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். கேரளத்துப் புனலூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மகள் தென்காசியில் ப்ளஸ் டூ முடித்தவள். நீட் மதிப்பெண்ணுக்கு எம்பிபிஎஸ் எட்டாது, பல் மருத்துவப் படிப்பான பிடிஎஸ் கிடைக்கும். இரண்டு இடங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று சென்னைப் பக்கம், பெயரைச் சொன்னாலே தெரிகிற தனியார் கல்லூரி. "அங்கே எல்லாம் ரேங்க் வாங்கின பிள்ளைகள், போட்டி தாங்க முடியாது" என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். இன்னொன்று எல்லையோரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. "வீடு மாதிரி பார்த்துக்கொள்வார்கள்" என்று அதே சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார். போட்டி உள்ள இடத்தில் சேர்த்தால் பிள்ளை தேறுவாளா, நொறுங்குவாளா? ஆதரவு உள்ள இடத்தில் சேர்த்தால் சோம்பிப்போவாளா? இதுதான் கேள்வி.

நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் வலியைச் சொல்வார்கள், மீதிப் பேர் மலையாளத்தில். பிடிஎஸ் படித்தது தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில். முடித்த பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு கல்லூரியில் நாலு வருடம் டியூட்டராக இருந்தேன். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

முதலில் அந்தச் சொந்தக்காரர் கலந்து குழப்பிய இரண்டு விஷயங்களைப் பிரித்துவிடலாம். கட்-ஆஃப் உயரமாக இருப்பது கல்லூரி வாசலுக்கு வெளியே நடக்கிற போட்டி. சீட் கிடைத்ததும் அது முடிந்துவிடுகிறது. உள்ளே பிடிஎஸ் தேர்வு பல்கலைக்கழகம் நடத்துவது. எழுத்துத் தேர்வில் 50 சதவீதம், செய்முறையில் தனியாக 50 சதவீதம் எடுத்தால் பாஸ். இத்தனை பேர்தான் பாஸாகலாம் என்ற வரம்பு கிடையாது. பக்கத்து பெஞ்சுக்காரி 78 வாங்கினால் உங்கள் மகளின் 61 ஒரு மார்க் கூடக் குறையாது. தங்கப் பதக்கத்துக்கு ஆசைப்படுகிற இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் முறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிற்பாடு மேற்படிப்பான எம்டிஎஸ் போக வேண்டுமென்றால் நீட் எம்டிஎஸ் எழுத வேண்டும். அது நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. அங்கே கூடப் படித்தவளைத் தோற்கடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்படியென்றால் வகுப்புக்குள் போட்டியே இல்லையா? உண்டு, சண்டை போடுகிற அளவுக்கு உண்டு. பேஷண்ட்டுக்காக.

இது வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். பிடிஎஸ் நாலு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அந்தக் கடைசி வருடத்தில் இருப்பவர்களை நம் பக்கம் சிஆர்ஐ என்போம், கேரளாவில் ஹவுஸ் சர்ஜன். முதல் வருடம் உடற்கூறு, உடலியல், அப்புறம் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்யும் வேலை. இரண்டாம் வருடம் முழுக்க மேஜை வேலை. மெழுகில் பல் அடுக்க வேண்டும், பொம்மைத் தலையில் துளை போட வேண்டும். மூன்றாம் வருடத்தில்தான் நிஜ வாய்க்குள் கை வைப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு துறையிலும் கோட்டா உண்டு. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பேருக்கு கிளீனிங், இத்தனை முழு பல்செட். ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டாஃப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கோட்டா முடியாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதாவது பல் மருத்துவ மாணவியின் பாடப்புத்தகத்தில் பாதி, காலையில் பஸ் ஏறி வருகிற பல் வலிக்காரர்கள். அவர்கள் வராவிட்டால் அந்தப் பாதிப் புத்தகம் கிடையாது.

என் கல்லூரியில் அவர்கள் வரவில்லை. கட்டிடம் ஊருக்கு வெளியே, பஸ் நிற்காத இடத்தில் இருந்தது. புது ஓபி, அதாவது புதிதாக வரும் வெளிநோயாளிகள், ஒரு நாளைக்கு முப்பது, நல்ல நாளில் நாற்பது. மூன்றாம் வருடம் நூறு பேர், கடைசி வருடம் நூறு பேர், சிஆர்ஐ, எம்டிஎஸ் படிக்கிறவர்கள் என்று கை வைக்கக் காத்திருந்தது முந்நூறுக்கு மேல். என்ன நடக்கும்? காலை எட்டரைக்கே, புதுப் பேஷண்ட்டை முதலில் பார்க்கிற ஓரல் மெடிசின் துறை வாசலில் நிற்போம். கேஸ் ஷீட்டை ஒளித்து வைப்பார்கள். "உன் பேஷண்ட் வரலையே" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, வந்த பேஷண்ட்டைத் தன் சேருக்கு, அதாவது சிகிச்சை நாற்காலிக்கு, கூட்டிப்போவார்கள். எனக்கும் நடந்தது. நானும் ஒரு தடவை செய்தேன், மறைக்கவில்லை. வசதியுள்ளவர்கள் கிராமத்துக்கு வேன் அனுப்பி ஆள் கொண்டுவந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று, பல் போன தாத்தா யாராவது இறங்குகிறாரா என்று பார்த்தோம். பஸ் காசு, மத்தியானம் பரோட்டா, கிளம்பும்போது கையில் நூறு ரூபாய். பரமசிவன் தாத்தா என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேறு. மூன்று மாணவிகள் அவருக்கு மூன்று பல்செட் செய்திருந்தோம். எது சரியாக இருக்கிறது என்று கேட்டேன். "மூணும் நல்லாத்தான் இருக்கு மக்களே, சாப்பிடும்போது மட்டும் கழத்தி வச்சுருவேன்" என்றார்.

வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் 'இந்தக் கல்லூரியில் போட்டி மனப்பான்மை அதிகம், ஒருத்தருக்கொருத்தர் உதவ மாட்டார்கள்' என்று சொல்லியிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், எங்கள் பேட்ச்சே சரியில்லை என்று.

அப்புறம் டியூட்டராகப் போன இடத்தில் பார்த்தேன். அது பஸ் போகிற சாலை மேலேயே இருந்தது, பக்கத்தில் சந்தை. காலை ஒன்பது மணிக்கே வரிசை. பிள்ளைகள் அதே மாதிரிப் பிள்ளைகள்தான். அதே வயது, கிட்டத்தட்ட அதே நீட் மார்க், அதே அளவு சுயநலம். ஆனால் அங்கே நான் தினமும் கேட்டது: "எனக்கு எக்ஸ்ட்ராக்‌ஷன் முடிஞ்சு, இவரை நீ எடுத்தோ." ஒருத்தி ரூட் கெனால் செய்யும்போது பக்கத்து சேர்காரி தானாக வந்து எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொல்வாள். கடைசி வருடச் செய்முறைத் தேர்வு வந்தபோது அந்தப் பக்கம் திடீரென்று ஹர்த்தால் அறிவித்தார்கள். தமிழ்நாட்டு பஸ்கள் களியக்காவிளையோடு நின்றுவிட்டன. தேர்வைத் தள்ளி வைத்தார்கள், ஆனால் தள்ளிவைத்த தேதியில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பல்செட் பேஷண்ட் வர முடியாமல் போயிற்று. முதல் நாளே தேர்வு முடித்திருந்தவள், தன் பேஷண்ட்டை மறுநாளும் வரச்சொல்லி இவளுக்குக் கொடுத்தாள். என் படிப்புக் காலத்தில் இதைக் கனவில்கூட நினைத்திருக்க முடியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அபிப்பிராயம்தான். ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகள் மோதிக்கொள்வதும் கைகொடுப்பதும் பெரும்பாலும் மூன்று எண்ணிக்கையைப் பொறுத்தது: எத்தனை பேஷண்ட், எத்தனை சேர், எத்தனை ஸ்டாஃப். தட்டுப்பாடு வந்தால் நல்ல பிள்ளையும் கேஸ் ஷீட்டை ஒளிப்பாள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களின் குணத்தை யாரும் ஆராய்வதில்லை, கடையில் சரக்கு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே அண்ணாச்சி, விளம்பரக் கையேட்டைத் தூக்கி வையுங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் 2020 முதல் பல் மருத்துவத்துக்குத் தனிப் பட்டியல் வருகிறது. அதை ஒரு பார்வை பார்க்கலாம். ஆனால் அதில் ஆராய்ச்சிக்கும் பெயருக்கும் மார்க் உண்டு, உங்கள் மகள் கையால் எத்தனை பல் பிடுங்குவாள் என்பது அதில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நீங்களே பேஷண்ட்டாகப் போங்கள். பாத்திரக்கடையில் நாள் முழுக்க டீ குடிப்பவர் நீங்கள், பல்லில் கறை இல்லாமல் இருக்காது.

காலை ஒன்பதுக்கே போய் ஓபி சீட்டு எடுங்கள். சீட்டில் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பன்னிரண்டரை மணிக்கு ஒரு சீட்டு எடுக்கட்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அன்றைக்கு வந்த புதுப் பேஷண்ட் கணக்கு. நூறு சீட் உள்ள கல்லூரியில் இது நூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. எண்பது என்றால் சமாளிக்கலாம். நாற்பது என்றால் உங்கள் மகள் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள், பரோட்டாவுக்கு நீங்கள் பணம் அனுப்புவீர்கள். இது சட்டமோ விதியோ கிடையாது, நான் பார்த்த கல்லூரிகளை வைத்து நானே போட்டுக்கொண்ட அளவுகோல். ஐம்பது சீட் கல்லூரி என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். சின்னக் கல்லூரி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், ஐம்பது பிள்ளைகளுக்கு நூறு பேஷண்ட் என்பது சொர்க்கம்.

கிளீனிங்குக்கு அனுப்பினால் சேரில் படுத்துக்கொண்டு காதையும் கண்ணையும் திறந்து வையுங்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரால் பேசத்தான் முடியாது, மற்ற எல்லாம் முடியும். ஒரே வாயில் மேல்வரிசையை ஒருத்தியும் கீழ்வரிசையை இன்னொருத்தியும் சுத்தம் செய்கிறார்களா? அப்படியென்றால் பேஷண்ட் பஞ்சம், ஒரு ஆளை இரண்டாகப் பிரித்துக் கோட்டா எழுதுகிறார்கள். வேலை முடிந்து கையெழுத்துக்கு ஸ்டாஃப் வர எத்தனை நிமிடம் ஆகிறது? வந்தவர் கண்ணாடியை எடுத்து உங்கள் வாயைப் பார்த்தாரா, பார்க்காமலே கிறுக்கிவிட்டுப் போனாரா? தப்பு இருந்தால் என்ன செய்தார்? இதுதான் முக்கியம். பேஷண்ட் முன்னால் பிள்ளையைத் திட்டுகிறவரும் உண்டு. ஒன்றும் சொல்லாமல் போகிறவரும் உண்டு. உட்கார்ந்து கருவியைத் தன் கையில் வாங்கி 'இப்படிப் பிடி' என்று காட்டிவிட்டு மறுபடி அவள் கையிலேயே கொடுக்கிறவரும் உண்டு. மூன்றாம் வகை ஒரு துறைக்கு இரண்டு பேர் இருந்தால் போதும், அந்தக் கல்லூரி தேறும்.

பெயர்ப்பலகையில் உள்ள ஸ்டாஃப் எல்லாரும் நாற்காலியில் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் கார் நிறுத்த இடம் இருக்காது. அதனால்தான் சாதாரண நாளில் போகச் சொல்கிறேன்.

மாணவர்களிடம் பேசுவதென்றால் முதல் வருடத்துப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். அவர்கள் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றித்தான் சொல்வார்கள், நிஜப் படிப்பை இன்னும் பார்க்கவில்லை. கடைசி வருடம் அல்லது சிஆர்ஐ பிள்ளைகள் மத்தியானம் வெளியே டீக்கடையில் இருப்பார்கள். "இங்கே எல்லாரும் ஒத்துமையா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், யார்தான் இல்லை என்பார்கள்? கேட்க வேண்டியது இது: "உங்கள் பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் இன்று உங்களோடு சிஆர்ஐ செய்கிறார்கள்?" இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில்தான் ஆதரவுக்கு உண்மையான அளவு.

காரணம், ஆட் பேட்ச். பிடிஎஸ்ஸில் யாராவது ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த வருட வகுப்புக்குப் போகலாம், ஆனால் அந்தப் பாடத்தை முடிக்காமல் அடுத்த பெரிய பரீட்சை எழுத முடியாது. ஒன்றுக்கு மேல் போனால் தங்கிவிட வேண்டியதுதான். தங்கியவர்களை நம் பக்கம் ஆட் பேட்ச் என்றும் கேரளாவில் அடிஷனல் பேட்ச் என்றும் சொல்வோம். சேர்ந்த நாளிலிருந்து சிஆர்ஐ உட்பட ஒன்பது வருடத்துக்குள் முழுப் படிப்பையும் முடித்தாக வேண்டும். பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்த பிள்ளைகள் முதல் வருட அனாட்டமியில் விழுவது இங்கே அதிசயமே இல்லை. நானே ஒன்றுக்கு மேல் விழுந்து தங்கினேன். விழுந்ததைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் வலித்தது. எங்களுக்குத் தனி வகுப்பு கிடையாது, தனி டைம்டேபிள் கிடையாது. கூடச் சேர்ந்தவர்கள் அடுத்த மாடிக்குப் போய்விட்டார்கள். லைப்ரரியில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் நான் யாரிடமும் பேசவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஹாஸ்டலில் மேல் வகுப்பு அக்கா ஒருத்தி, திருவட்டாறுக்காரி, தினம் ராத்திரி ஒன்பதிலிருந்து பத்துவரை எலும்புகளை வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்பாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஆதரவு, அது போதுமானதாகவும் இருந்தது.

கல்லூரிகள் பாஸானவர்களைத்தான் ஃப்ளெக்ஸில் போடும். தோற்றவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று முதல்வர் அறையில் நேராகக் கேளுங்கள். தனி வகுப்பு, வாரத் தேர்வு, பொறுப்பு ஆசிரியர் என்று ஏதாவது உருப்படியாகச் சொன்னால் நல்லது. "எங்களிடம் யாரும் தோற்பதில்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொந்தக்காரர் சொன்ன 'வீடு மாதிரி' கல்லூரிக்கு வருகிறேன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆசிரியருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியும், யார் வரவில்லை என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும், காய்ச்சல் என்றால் விசாரிப்பார்கள். வருகைப்பதிவு 75 சதவீதம் தேவை என்பதால் இது பெரிய உதவி. இன்னொன்று, இன்டர்னல் மார்க்கை அள்ளிக் கொடுப்பார்கள், கோணல் மெழுகுப் பல்லுக்கும் 'பரவால்ல' என்று கையெழுத்துப் போடுவார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து 'இது பல்லா, சோழியா' என்று கேட்கும்போதுதான் பிள்ளைக்கு விஷயம் தெரியும். டியூட்டராக இருந்தபோது நானும் முதல் வருடம் முழுக்க இந்த இரண்டாம் வகையாகத்தான் இருந்தேன். என்னைத் திட்டினார்களே, நான் யாரையும் திட்டக்கூடாது என்ற வைராக்கியம். அந்த பேட்ச் செய்முறையில் அடி வாங்கியது. ஒரு பையன் வந்து, "டாக்டர், நீங்க ஒரு தடவையாவது தப்புன்னு சொல்லியிருக்கலாம்" என்றான். பிறகு சொல்ல ஆரம்பித்தேன்.

மொழி. செங்கோட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாக நினைப்பீர்கள். புனலூரில் கடை வைத்திருக்கிறீர்கள், மலையாளம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மகள் தென்காசியில் படித்தவள். நாம் பல் கூசுகிறது என்போம், அவர்கள் பல் புளிக்கிறது என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து மாணவி ஒருத்தி, பல் புளிப்பு என்று வந்த அம்மச்சியிடம், "புளிப்பா என்ன சாப்பிட்டீங்க?" என்று பத்து நிமிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஈறு அவர்களுக்கு மோணை, கடைவாய்ப்பல் அணப்பல்லு, வலி வேதனை. நாம் பிடுங்குவதை அவர்கள் பறிப்பார்கள், எங்கள் விளவங்கோட்டுக்காரர்களும் பறிக்கத்தான் சொல்வார்கள். இது மூன்று மாதத்தில் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் இரண்டு மொழியில் வலி கேட்கத் தெரிந்தவளுக்கு எல்லையோரத்தில் எப்போதும் வேலை உண்டு. ஆனால் அந்த மூன்று மாதம் கூடவே நின்று மொழிபெயர்க்க ஒரு தோழி வேண்டும். எல்லையோரக் கல்லூரியில் அது இயல்பாக நடக்கும். உள்ளே தூரம் போகப் போகக் குறையும். சென்னையில் இந்தப் பிரச்சினையே இல்லை.

தூரத்தைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பொதிகை ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை செங்கோட்டை. வீட்டுக்கு அடிக்கடி வர முடிவதை ஆதரவு என்று பெற்றோர் நினைப்பார்கள். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஓடுகிற பிள்ளை ஹாஸ்டலில் யாரோடும் ஒட்டுவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். பல் மருத்துவத்தில் சீனியர் ஒட்டு ரொம்பத் தேவை. பழைய ஆர்ட்டிகுலேட்டர் (தாடை அச்சுகளைப் பொருத்தும் கருவி), கார்விங் கத்தி, நோட்டு எல்லாம் சீனியரிடமிருந்துதான் வரும். சில கல்லூரிகளில் அதே ரோல் நம்பர் உள்ள சீனியர் கொடுக்க வேண்டும் என்று வழக்கமே உண்டு. இரண்டாம் வருடத்தில் பயிற்சிக்குப் பிடுங்கிய பல் தேடி அலைவார்கள். என் கிளினிக்கில் கிருமிநாசினி ஊற்றிய பாட்டில் ஒன்று அதற்காகவே நிற்கிறது, கேட்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். ராகிங் வேறு, இது வேறு. ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997 முதலே தடைச் சட்டம் இருக்கிறது, கேரளாவில் 1998 முதல். சின்னதாக ஏதாவது நடந்தாலும் உடனே புகார் கொடுக்கச் சொல்லுங்கள், 'சீனியர்களைப் பகைக்காதே' என்று நீங்கள் வாயை அடைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், நான் கேட்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? ஆமென்றால் 2020-லிருந்து வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு உரிமை உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்போது முழுக் கணக்கும் மாறிவிடும். அரசுக் கல்லூரி கிடைக்கிற வாய்ப்பிருந்தால் போட்டி, ஆதரவு என்று யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள். 1953-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, சிதம்பரம், 2023-ல் திறந்த புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டில் மூன்று. கேரளாவில் திருவனந்தபுரம், கோட்டயம், ஆலப்புழை, திருச்சூர், கோழிக்கோடு, பரியாரம். கேரள அரசுக் கல்லூரிகளில் மாநில இடங்கள் கேரளத்தவருக்கு. நமக்கு 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடுதான் வழி. புனலூரில் கடை இருப்பதால் மட்டும் மகள் கேரளத்தவள் ஆகிவிட மாட்டாள். திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959-லிருந்து மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிறது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும், எங்கள் பக்கத்து ஆட்கள் பெரிய நோய் என்றால் முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி அங்கேதான் போகிறார்கள். வாய்ப் புற்றுநோயிலிருந்து பால் பல் வரை எல்லாம் அங்கே வரும். அரசுக் கல்லூரியில் பிள்ளைகள் ஏன் பேஷண்ட்டுக்கு அடித்துக்கொள்வதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எம்டிஎஸ் துறைகள் நிறைய உள்ள கல்லூரி நல்லதா என்றும் கேட்பார்கள். இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி அது. சிக்கலான கேஸ்களை, குறிப்பாகக் கடைவாய்ப்பல் ரூட் கெனாலையும் புதைந்த ஞானப்பல்லையும், எம்டிஎஸ் படிக்கிற பிஜி மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குச் சந்தேகம் கேட்கக் கிடைப்பதும் அவர்கள்தான். ஓபி அதிகமுள்ள இடத்தில் பிஜி வரம். ஓபி குறைந்த இடத்தில் இன்னொரு பங்காளி.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், 'கூச்ச சுபாவம், ஆனால் கேட்டால் சொல்லிக்கொடுப்பாள்' என்று. கூச்சமுள்ள பிள்ளைக்கு ஆபத்து புத்திசாலிகள் நிறைந்த வகுப்பு அல்ல. புத்திசாலிகள் பெரும்பாலும் பகிர்ந்துகொள்வார்கள், படித்ததைச் சொல்லிப் பார்க்க அவர்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். ஆபத்து, பேஷண்ட்டைப் பிடிக்க முண்டியடிக்க வேண்டிய கல்லூரி. அங்கே கூச்சப்படுகிறவளுக்கு வரிசையில் கடைசி இடம்தான். ஆகவே சென்னைக் கல்லூரியில் ஓபி நன்றாக இருந்து, கட்டணம் உங்களைக் கடனில் தள்ளாது என்றால், ரேங்க் பிள்ளைகளைப் பார்த்துப் பயப்படாமல் அனுப்புங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் ஐந்து வருடக் கட்டணம், ஹாஸ்டல், கருவிகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அதைப் புதிதாகப் படித்து வந்த பல் டாக்டர் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் தெருவிலேயே நாலு கிளினிக் இருக்கிறது, ஆரம்பச் சம்பளத்தை இங்கே எழுதி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை. எல்லையோரக் கல்லூரியில் ஐம்பது சீட், ஓபி எண்பதுக்கு மேல், சேரில் படுத்திருந்தபோது ஸ்டாஃப் கண்ணாடி எடுத்து உங்கள் வாயைப் பார்த்தார் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். இருபது முப்பது ஓபிதான் என்றால், எத்தனை அன்பாகப் பேசினாலும் வேண்டாம்.

போகிற நாளைப் பற்றி ஒரு வார்த்தை. திங்கட்கிழமை வேண்டாம், ஞாயிறு முழுக்க வலி பொறுத்தவர்கள் எல்லாம் அன்றுதான் வருவார்கள், கணக்கு ஏமாற்றும். பள்ளி விடுமுறை, பரீட்சை மாதம் இரண்டும் வேண்டாம். மழையில்லாத ஒரு புதனோ வியாழனோ பாருங்கள். அந்தப் பக்கத்துக் கல்லூரி என்றால், கிளம்புவதற்கு முன் அன்றைக்கு ஹர்த்தால் ஏதும் உண்டா என்று புனலூர்க் கடைப் பையனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.